யாருடைய மாத்திரை

கொரோனா ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே குணசுந்தரிக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. நோயாளிகள் மருத்துவமனைக்கு வர முடியாமல் தவிப்பது பாதிக் கதைதான். எதற்காகப் போகிறோம் என்று வழியில் சொல்ல முடியாமல் தவிப்பது மீதிக் கதை. தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரர் எங்கே போகிறாய் என்பார். ஆஸ்பத்திரிக்கு என்றால் சீட்டைக் காட்டு என்பார். சீட்டில் எல்லாம் எழுதியிருக்கும். அதை நடுரோட்டில் நீட்டுவதைவிட, மாத்திரை இல்லாமல் வீட்டிலேயே கிடந்துவிடலாம் என்று பலர் முடிவு செய்திருந்தார்கள்.

வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்தில் அவள் களப்பணியாளர். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆயுள் முழுக்கத் தினம் விழுங்க வேண்டிய மாத்திரையைக் கொடுக்கிற இடம் அது. வாங்க வராமல் நின்றுபோனவர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வருவது அவள் வேலை. அந்த மாத்திரையை அவளும் விழுங்குகிறவள்தான். கணவன் விசைப்படகில் டிரைவராக இருந்தான். மகள் வினிதா கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனான். அவனை அடக்கம் செய்த பிறகுதான் இவளுக்குப் பரிசோதனை நடந்தது. இவளுக்கு இருந்தது, குழந்தைக்கு இல்லை. மையத்தில் எல்லோருக்கும் இது தெரியும். திருவொற்றியூரில் அவள் குடியிருக்கும் மீனவக் குப்பத்தில் வினிதாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். அடுத்த வீட்டிலேயே இருந்த தம்பி திருமுருகனுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

மையத்தின் மருத்துவர் சைமா ஒருநாள் காலை எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"அவங்க வரலைன்னா நாம போகணும். மாசாமாசம் குடுக்கறதை விட்டுட்டு மூணு மாசத்துக்குச் சேர்த்துக் குடுத்துடலாம். எங்க, எப்படிக் கையில சேர்க்கறதுங்கறதை அவங்ககிட்டயே கேளுங்க. நாம முடிவு பண்ண வேண்டாம்."

அப்படித்தான் குணசுந்தரியின் ஸ்கூட்டர் முகப்பில் 'மருத்துவப் பணி' என்ற ஸ்டிக்கர் ஏறியது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, அதற்கும் மேலே காட்டுப்பள்ளி வரை அவள் போனாள். ஊரே அடங்கியிருந்தாலும் துறைமுகம் அடங்கவில்லை. கன்டெய்னர் லாரிகள் மட்டும் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்க, அவற்றின் ஓரமாக அவள் வண்டி போகும். ஒருவர் பால் பூத் வாசலுக்கு வரச் சொல்வார். ஒருவர் ரேஷன் கடை வரிசையில் தனக்குப் பின்னால் வந்து நிற்கச் சொல்வார். வலை பின்னும் கொட்டகையில் வைத்துவிட்டுப் போய்விடு, பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்பவரும் உண்டு. டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துவிட்டுத் தாருங்கள் என்று ஏறக்குறைய எல்லோருமே கேட்டார்கள். குலுக்கினால் சத்தம் வருகிறது என்று ஒரு பெண் சொன்னதிலிருந்து டப்பாவுக்குள் பஞ்சு அடைத்துக் கொடுத்தாள்.

தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்த வேதமாணிக்கம் அவளுக்குப் பல வருடப் பழக்கம். பழக்கம் என்றால் பேச்சுப் பழக்கம் இல்லை. மையம் திறப்பதற்கு முன்பே வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்து, மாத்திரை கைக்கு வந்ததும் ஒருவரையும் பார்க்காமல் போய்விடுவார். தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டி.பி. என்று மகன் பெனிட்டோவுக்குச் சொல்லியிருந்தார். டி.பி. இருந்தது உண்மைதான், அதற்குப் பின்னால் இருந்ததை அவர் சொல்லவில்லை. கடைக்கு மேல் மாடியில் மகனும் மருமகள் ஜெஸ்லினும் இருந்தார்கள். ஜெஸ்லின் ஊரிலிருந்து வந்த பெண். முதல் பிரசவத்துக்குக் காத்திருந்தாள்.

முதல் தடவை அவருக்கு மணிக்கூண்டு அருகே, மூடிக் கிடந்த ஒரு பெட்டிக்கடை ஓரத்தில் வைத்துக் கொடுத்தாள். இரண்டாம் தடவை அது நடக்கவில்லை. தெருவில் யாருக்கோ காய்ச்சல் கண்டு, இரு முனையிலும் தகரம் அடித்து மூடிவிட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் சின்ன வழி. அதில் மாநகராட்சி தன்னார்வலப் பெண் ஒருத்தி நின்று, உள்ளே வருகிறவர்களின் நெற்றியில் காய்ச்சல் பார்த்தாள்.

வேதமாணிக்கம் போனில் சொன்னார்: "என்னால வெளிய வர முடியாதும்மா. மகன் விட மாட்டேங்கான். கடைக்கு வா. சாமான் வாங்குத மாதிரி வா. பையக் குடு, நான் ரவையப் போட்டு வேற பையத் தாரேன்."

அப்படியே செய்தாள். வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும் துணிப்பையை நீட்டினாள். அவர் அதை வாங்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டு, ரவையும் சேமியாவும் போட்ட வேறு பையைக் கொடுத்தார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது, ஸ்கூட்டரைத் தவிர. அதைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வந்திருக்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து கடைக்கு எதிரே நிழலில் நிறுத்தியிருந்தாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்த பெண் ஸ்டிக்கரைப் படித்தாள். பை கைமாறியதையும் பார்த்தாள். மாநகராட்சிக்குப் போன் செய்தாள்.

குணசுந்தரி வெளியே போகும் வழியை அடைந்தபோது தன்னார்வலப் பெண் கையை நீட்டித் தடுத்தாள். "கொஞ்சம் நில்லுக்கா. சார் வராரு."

சுகாதார ஆய்வாளர் திலீப் ஆட்டோவில் வந்தார். பின்னாலேயே தகரமும் கம்பும் ஏற்றிய சின்ன வேன் வந்தது. அவருக்கு நல்ல தூக்கம் கண்டு பல நாள் ஆன முகம். அவளையும் கூட்டிக்கொண்டு நேராகக் கடைக்கு நடந்தார். வரிசையில் நின்றவர்கள் விலகினார்கள், ஆனால் போகவில்லை.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து இந்த வீட்டுல மருந்து குடுத்துட்டுப் போறாங்கன்னு கம்ப்ளைண்ட். யாருக்கு உடம்பு சரியில்லை? மறைச்சீங்கன்னா தெருவுக்கே ஆபத்து."

"யாருக்கும் ஒண்ணுமில்ல சார்" என்றான் பெனிட்டோ. மாடிப்படியில் ஜெஸ்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேதமாணிக்கத்தின் கை பருப்பு டின்னுக்குள் இருந்தது. வெளியே வரவில்லை.

திலீப் குணசுந்தரியிடம் திரும்பினார். "நீ எதுக்கு வந்த?"

"மளிக வாங்க சார்."

"எங்க வூடு?"

"திருவொத்தியூர்."

"திருவொற்றியூர்லேர்ந்து தகரம் அடிச்ச தெருவுக்குள்ள ரவை வாங்க வந்தியா? வழியில கடையே இல்லையா?"

அவள் பதில் சொல்வதற்குள் பெனிட்டோ உள்ளே போய் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து அந்தப் பையை எடுத்து வந்துவிட்டான். தன் வீட்டில் மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டுவதுதான் அவன் நோக்கம். பையை மேசைமேல் கவிழ்த்தான். தாள் கிழித்த வெள்ளை டப்பாக்கள் உருண்டன.

"அப்பா, என்னதுப்பா இது?"

வேதமாணிக்கம் தலையைத் திருப்பினார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவை குணசுந்தரியைப் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. மாடிப்படியைப் பார்த்தன.

திலீப் ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பினார். "பேர் இல்லை. ஏன் கிழிச்சிருக்கு? கொரோனாவுக்குன்னு கண்ட மாத்திரையை டப்பாவுல போட்டு ஊர் பூரா வித்துக்கினு இருக்கானுங்க. இது ஸ்டேஷனுக்குத்தான் போகணும். கடைக்கு சீல். வீட்டுல எல்லாருக்கும் டெஸ்ட்."

குணசுந்தரி யோசிக்கக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. சர்க்கரை மாத்திரை என்று சொல்லலாம். ஆனால் நாலு கடை தள்ளி மருந்துக் கடை இருந்தது, டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினால் அங்கிருப்பவனே சொல்லிவிடுவான். பேசாமல் இருந்தால் போலீஸ், போலீஸிலிருந்து மையம், மையத்தில் யாருக்காக எடுத்துப் போனாள் என்ற கேள்வி. எந்த வழியில் போனாலும் முடிவில் இந்தக் கடைக்காரரின் பெயர்தான் நின்றது. பின்னாளில் சைமா கேட்டபோது, துணிச்சலெல்லாம் ஒன்றுமில்லை, வேறு பெயர் எதுவும் கைவசம் இல்லை என்றுதான் சொன்னாள்.

"அது என்னுது சார்" என்றாள்.

"என்ன மாத்திரை?"

"எய்ட்ஸுக்குத் துண்ற மாத்திர. எனக்குக் கீது. எம் பொண்ணு கைக்கொழந்தையா இருக்கச்சொல்லேர்ந்து துண்ணுகினு கீறேன்."

திலீப் டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதை ஏன் இங்க குடுத்த?"

"எங்க வூட்டாண்ட யாருக்கும் தெரியாது சார். வச்சா எடுத்துப் பாப்பாங்க. அண்ணாச்சி நல்ல மனுசன், ஒரு பை வச்சிக்கன்னா இன்னா ஏதுன்னு கேக்க மாட்டாரு. அதான் மொத்தமா இங்க வச்சிட்டு அப்பப்போ வந்து எடுத்துகினு போவேன். உள்ள இன்னா கீதுன்னு அவருக்குத் தெரியாது. வேணும்னா எங்க ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு என் பேரைச் சொல்லிக் கேளுங்க. எனக்குக் கீதுன்னு அவங்களே சொல்லுவாங்க."

திலீப் டப்பாவைக் கீழே வைத்தார். கையைச் சட்டையில் துடைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டு, பையிலிருந்து சானிடைசரை எடுத்துத் தேய்த்தார். எதிர்வீட்டு மாடியிலிருந்து குரல் வந்தது:

"ஏய், கொரோனா இல்லையாம்டி! வேற என்னமோவாம்!"

வரிசை மூச்சுவிட்டது. இரண்டு பேர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். அந்த நோயின் பெயரைக் கேட்டு ஒரு கூட்டம் நிம்மதியடைந்ததை குணசுந்தரி அதற்கு முன்பு பார்த்ததில்லை. நிம்மதி அடங்கிய பிறகு ஒவ்வொருவராக அவளிடமிருந்து ஓரடி தள்ளி நின்றார்கள். ஏற்கெனவே இடைவெளி விட்டுத்தான் நிற்க வேண்டியிருந்தது என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் திலீப். குரல் இறங்கியிருந்தது. "சரி. எடுத்துக்கிட்டுப் போ. தெருவுக்குள்ள இனி வண்டியைக் கொண்டாராத." தகர வேன் வேறு வீட்டுக்குப் போனது.

பெனிட்டோ டப்பாக்களை அட்டைத் துண்டால் தள்ளிப் பைக்குள் விழவைத்தான். "தப்பா நினைச்சுக்காதீங்க. வீட்ல புள்ளத்தாச்சி இருக்கு. இனிமே இங்க வைக்காதீங்க."

அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவருடைய பெயரைக் காப்பாற்றியாகிவிட்டது. அவருடைய மாத்திரை தன் வண்டியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

*

குப்பத்துக்குச் செய்தி அவளுக்கு முன்பே போயிருந்தது. தண்டையார்பேட்டையில் தெருத்தெருவாக மீன் விற்கும் பக்கத்துச் சந்துப் பெண் அந்த வரிசையில் நின்றிருக்கிறாள். குணசுந்தரி அவளைக் கவனிக்கவில்லை. முகக்கவசம் போட்டால் எல்லோரும் ஒரே மாதிரி.

திருமுருகன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். "யக்கா, மார்க்கெட்டாண்ட ஒருத்தி இன்னான்னாமோ சொல்லிகினு கீறா. பொய்தான?"

"இல்லடா. நெசந்தான்."

அவன் தன் வீட்டுக்குள் போனான். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வெளியே இருந்த தண்ணீர் டிரம்மில் கிடந்த சொம்பைத் தம்பி மனைவி வந்து எடுத்துப் போனாள். திருமுருகனின் பிள்ளைகளை யாரோ உள்ளே கூப்பிட்டார்கள்.

வினிதா அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள். ஊரடங்கில் கல்லூரி மூடியிருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

"கேக்க நேரம் இல்லடி. அங்க ஒரு மனுசன்..."

"அந்த மனுசன் யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். இத்தினி வருசமா நான் யார்கிட்டயும் சொல்லல. ஸ்கூல்ல சொல்லல, தோஸ்துங்ககிட்ட சொல்லல. அத்தை நல்லா கீறப்போ ஒருநாள் சொல்லிடலாமான்னு கேட்டேன், நீதான் வேணான்ன. அது உன் ரகசியம் மட்டும் இல்லம்மா, என்னுதும். நீ பாட்டுக்கு எவன் கடையிலயோ போட்டு ஒடைச்சிட்டு வந்துட்ட."

குணசுந்தரிக்கு மகள் சொன்னது சரி என்று பட்டது. தான் செய்ததும் தவறு என்று படவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சோறு போட்டுச் சாப்பிட்டாள். வினிதா சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தம்பி மனைவி வாசற்படியில் நின்றே வினிதாவிடம் சொன்னாள்: "ஒண்ணும் தப்பா எடுத்துக்காத. நீ ஒரு டெஸ்ட் எடுத்து அந்தச் சீட்டக் கொண்டாந்து காட்டிடு. எல்லாருக்கும் பேஜாரு இல்லாம பூடும்."

"எனக்கு இல்லன்னு எனக்குத் தெரியும் அத்தை. சீட்டும் கீது. காட்ட மாட்டேன்."

"ஏன்? காட்டினா இன்னா?"

"காட்டினா எங்கம்மா மட்டும் தனியா நிப்பா."

இதை உள்ளே இருந்து கேட்ட குணசுந்தரி வெளியே வரவில்லை. வந்திருந்தால் வினிதா பேச்சை மாற்றியிருப்பாள். அன்றும் மறுநாளும் அவள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

*

வேதமாணிக்கத்தின் போன் இதற்கிடையில் வந்திருந்தது.

"கையில உள்ளது இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் வரும்."

"தெரியும் அண்ணாச்சி. எங்க வந்து தரட்டும்?"

கடைக்குள் யாரோ எண்ணெய் கேட்கும் சத்தம் வந்தது. பிறகு கேட்டார்: "நீ எதுக்கும்மா அப்படிச் சொன்ன?"

"வேற இன்னா சொல்றது?"

"நான் நின்னுக்கிட்டேல்லா இருந்தேன். வாயத் தொறக்க முடியல. மேல அந்தப் பிள்ள நிக்குது. அவ அப்பாக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவாரு." பிறகு சொன்னார்: "காலையில கடைக்கு வா."

"கடைக்கா? உங்க பையன் வைக்காதன்னு சொன்னாரே."

"நான் வரச் சொல்லுதேன்லா."

அவள் வண்டியை நெடுஞ்சாலையிலேயே விட்டுவிட்டு நடந்து போனாள். வரிசை நீளமாக இருந்தது. அவள் போய் நின்றதும் முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனாள். வேதமாணிக்கம் கடைக்குள்ளிருந்து எழுந்து வாசலுக்கே வந்தார். குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் பேசினார்.

"ஏம்மா, ஒன் மாத்திரையக் கொண்டாந்தியா? குடு. எப்பவும் வைக்கிற எடத்திலேயே வைக்கேன். வேணுங்கும்போது வந்து எடுத்துக்க."

பெனிட்டோ எழுந்தான். "அப்பா, என்ன பண்றீங்க? சொன்னேன்ல?"

"பைதானலே. அது உன்னைக் கடிச்சிருமா?"

"கடைக்கு ஆள் வராதுப்பா."

"வராட்டாப் போகட்டும்."

அவள் கையிலிருந்து நேராகத் தன் கையில் பையை வாங்கிக்கொண்டார். அரிசி மூட்டைக்குப் பின்னால் வைக்கவில்லை. கல்லாவுக்கு மேலே, ஏசு படத்துக்குக் கீழே இருந்த பலகையில் எல்லோரும் பார்க்க வைத்தார்.

அவருக்கு மாத்திரை வேண்டியிருந்தது, அதற்காகச் செய்தார் என்றும் சொல்லலாம். அப்படித்தான் இருக்கும் என்று குணசுந்தரியும் நினைத்தாள். ஆனால் மாத்திரை மட்டும் வேண்டுமென்றால் அதை வாங்க வேறு வழிகள் இருந்தன. அவளைத் தகரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லி, பால்காரரிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கலாம்.

கொஞ்சம் பேர் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். அடைத்த தெருவில் வேறு மளிகைக் கடை இல்லாததால் சீக்கிரமே திரும்பி வந்தார்கள்.

இதையெல்லாம் குணசுந்தரி மையத்தில் வந்து சொன்னபோது சைமா முதலில் அவளைத் திட்டினார். பிறகு பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்த வட்டாரத்துல இன்னும் சில பேர் வெளிய வர முடியாம இருக்காங்களே குணா. அவங்களுதையும் அந்தக் கடையில வைக்க முடியுமா? அவர்கிட்ட கேளு. கட்டாயப்படுத்தாத."

வேதமாணிக்கம் ஒரு நிபந்தனைதான் போட்டார். "எத்தனை பையின்னாலும் வையி. யாருது எதுன்னு எனக்குச் சொல்லக் கூடாது."

அதனால் எல்லாப் பைகளும் குணசுந்தரியின் பெயரிலேயே அங்கே இருந்தன. ஒவ்வொரு பையின் காதிலும் ஒவ்வொரு நிறத்தில் நூல் கட்டினாள். அவரவருக்கு அவரவர் நிறத்தைப் போனில் சொல்லிவிடுவாள். கடைக்கு வருகிறவர்கள் ரவையோ புளியோ வாங்கிவிட்டு, "குணாக்கா பச்சைப் பைய எடுத்துனு வரச் சொன்னாங்க" என்பார்கள். அவர் நிமிர்ந்து முகம் பார்க்காமல் எடுத்துக் கொடுப்பார். எதிர்வீட்டு மாடிப் பெண் இதைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு, அந்தப் பொம்பளைக்கு நோய் ரொம்ப முற்றிவிட்டது போலிருக்கிறது, இத்தனை மாத்திரை சாப்பிடுகிறாளே என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். அதைக் கேட்டுவிட்டு வந்து குணசுந்தரியிடம் சொன்னதே வேதமாணிக்கம்தான். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

குப்பத்தில் அவ்வளவு சுலபமாக இல்லை. திருமுருகன் பேச ஆரம்பித்தான், ஆனால் வாசலோடு சரி. குழாயடியில் அவள் குடத்தை யாரும் தள்ளி வைக்கவில்லை, யாரும் நகர்த்தி உதவவும் இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒருத்தி, படகில் போகும் கணவனுக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறதென்று சொல்லிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள். பேசிவிட்டுப் பின்வாசல் வழியாகவே போனாள். அவள் கணவனுக்கு மறுவாரம் மையத்தில் பரிசோதனை நடந்தது. வினிதாவின் கோபம் முழுக்கப் போகவில்லை. ஏதாவது சின்னப் பேச்சில், உப்பு கூடிவிட்டது என்பதில்கூட, அது எட்டிப் பார்க்கும். ஆனால் ஒருநாள் அம்மாவின் போன் விடாமல் அடித்தபோது தானே எடுத்து, "எந்த எடத்துக்குக் கொண்டாரணும்னு சொல்லுங்க, சொல்லிடறேன்" என்றாள்.

*

மழைக்காலம் வருவதற்குள் தகரங்களைக் கழற்றிவிட்டார்கள். சிலர் மறுபடி மையத்துக்கே வரத் தொடங்கினார்கள். சிலர் கடையே வசதி என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பதும் அப்படியே தொடர்ந்தது.

ஒரு காலையில் குணசுந்தரி புதிய பைகளோடு கடைக்குப் போனபோது வேதமாணிக்கம் இல்லை. சரக்கு எடுக்க மகனோடு கொத்தவால்சாவடி பக்கம் போயிருந்தார். கல்லாவில் ஜெஸ்லின் உட்கார்ந்திருந்தாள். குழந்தை பின்னால் தூளியில் கிடந்தது. கடையில் வேறு யாரும் இல்லை.

ஜெஸ்லின் பைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பலகையில் அடுக்கினாள். நீல நூல் கட்டிய பை வந்ததும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"இந்த நீலம் மட்டும் யாரும் வந்து கேக்கதே இல்ல. ஆனா பை காலியாயிருது." அவள் குரலைத் தாழ்த்தவில்லை, சாதாரணமாகத்தான் பேசினாள். "எனக்கு மாசமா இருக்கும்போது ஆஸ்பத்திரில எல்லா டெஸ்டும் எடுத்தாவ. அப்ப ஒரு அம்மா உக்காரவச்சு இதப்பத்தி நெறையச் சொல்லிக் குடுத்தாவ. கூட இருந்தா ஒட்டாது, மாத்திர போட்டா நல்லா இருக்கலாம்னு. மாமாவுக்கும் இதுதானே?"

குணசுந்தரி கடைசிப் பையைக் கொடுத்தாள்.

"அது எனக்குத் தெரியாதும்மா. உனக்குத் தெரியணும்னா அவராண்டயே கேளு."

ஜெஸ்லின் அவள் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு நீலப் பையையும் மற்றவற்றோடு பலகையில் வைத்தாள்.

"நான் கேக்க மாட்டேன். அவிய சொல்லும்போது சொல்லட்டும்" என்றாள். "பிள்ளையத் தூக்கவே மாட்டேங்காவ அக்கா. பக்கத்துல வந்து பாத்துட்டுப் போயிருதாவ. ஏன்னு அவிய மவனுக்கே புரியல. நான் கொண்டுபோய் மடியில வச்சிரலாம்னு பாக்கேன்."

"வை" என்றாள் குணசுந்தரி. "யார் மடியில வேணும்னாலும் வைக்கலாம். ஒண்ணும் ஆவாது."

தூளியில் குழந்தை சிணுங்கியது. ஜெஸ்லின் எழுந்து போனாள். குணசுந்தரியின் போன் அடித்தது. காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் ஒப்பந்த வேலைக்கு வந்தவன். ஷிஃப்ட் முடிந்து வாசலில் நிற்பதாகவும், ஒரு மணி நேரத்தில் கம்பெனி பஸ் வந்துவிடும் என்றும் சொன்னான். வந்துகொண்டே இருக்கிறேன், மீன் வண்டிக்குப் பக்கத்தில் நில்லு என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.